இடைக்கால ஜப்பானில் யார் மேலே, யார் கீழே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமுராய் தொடர், அனிமே, வீடியோ கேம் என்று ஏதாவது ஒரு வாசல் வழியாக ஜப்பானுக்குள் நுழைந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். மினமோட்டோ நோ யோரிட்டோமோ கமகுராவில் போர்வீரர் அரசுக்கு அடித்தளம் போட்ட 1185 தொடங்கி, ஹிதெயோஷி நாட்டை ஒருகுடைக்கீழ் கொண்டுவந்த 1590 வரையிலான சுமார் நானூறு ஆண்டுகளைத்தான் இங்கே இடைக்காலம் என்று சொல்கிறேன். கமகுரா காலம், முரோமாச்சி காலம், அதன் பிற்பாதியில் வந்த உள்நாட்டுப் போர்க்காலம் எல்லாம் இதற்குள் அடக்கம்.

போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று நாலடுக்கு முக்கோணம் ஒன்று எல்லா இடத்திலும் வருகிறதே, அதுதானே அமைப்பு?

அது இடைக்காலத்துச் சரக்கே அல்ல. சீனப் பழநூல்களில் இருந்த ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, 1603-க்குப் பிந்தைய எடோ காலத்து அறிஞர்கள் சமூகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பேசினார்கள். எடோ காலத்திலேயே நடைமுறை அப்படி இல்லை என்பதால், ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களிலிருந்தே அந்த விளக்கம் வெளியேறிவிட்டது. இணையத்தில் மட்டும் அந்தப் படம் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேரரசரை அதில் எங்கே வைப்பது? அரசவைப் பிரபுக்களை? ஆயிரக்கணக்கான அடியாட்களோடு தலைநகர் கியோட்டோவை மிரட்டிய புத்த மடங்களை? செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்களை? ஒருவருக்கும் அதில் இடமில்லை.

இடைக்காலத்தில் இருந்தது ஒரே ஏணி அல்ல. அரசவை, மடங்களும் ஆலயங்களும், போர்வீரர் வீடுகள் என மூன்று பெரும் அதிகார முகாம்கள் இருந்தன. ஒன்றையொன்று நம்பியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியும் அவை சேர்ந்தே நாட்டை ஆண்டன என்ற பார்வையை குரோதா தோஷியோ என்ற வரலாற்றாசிரியர் 1963-ல் முன்வைத்தார். அதில் விவாதங்கள் உண்டு. ஆனாலும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகாமுக்குள்ளும் தனித்தனிப் படிநிலை. ஒருவரைப் பார்த்து அந்தக் காலத்தில் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி ‘என்ன தொழில்?’ என்பதாக இருந்திருக்காது. ‘யாருடைய ஆள்?’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

சரி, எதிரே வருபவர் தம்மைவிடப் பெரியவரா சிறியவரா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

அரசவைக்காரர்களுக்கு அது சுலபம். 701-ல் வந்த சட்டத்தொகுப்பிலிருந்தே எண் போட்ட நிலைகள் உண்டு. ஐந்தாம் நிலையும் அதற்கு மேலும் என்றால் பிரபு. மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் என்றால் ஆட்சி மன்றத்தில் உட்காரும் உயர்குடி. பேரரசர் குடியிருக்கும் மாளிகையின் கூடத்தில் கால்வைக்க அனுமதி உண்டா இல்லையா என்பது இதிலேயே இன்னொரு பெரிய கோடு.

அந்தக் கோட்டின் கனத்தைப் புரிந்துகொள்ள ஹெய்கே காவியம் சொல்லும் ஒரு கதை போதும். தைரா நோ தடமோரி என்ற போர்வீரர், முன்னாள் பேரரசர் தோபாவுக்குப் பெரிய வழிபாட்டு மண்டபம் ஒன்றைக் கட்டிக்கொடுத்ததற்குப் பரிசாகக் கூடத்தில் ஏறும் உரிமையைப் பெற்றார். 1132-ஐ ஒட்டி நடந்தது இது. பரம்பரைப் பிரபுக்களுக்கு வயிறு எரிந்தது. விழா இரவில் இருட்டில் வைத்து அவரை அடித்துவிடத் திட்டம் போட்டார்கள். தகவல் தெரிந்துகொண்டு வந்த தடமோரி, அரைவெளிச்சத்தில் குறுவாளை மெல்ல உருவி எல்லோர் கண்ணிலும் படும்படி பிடித்துக்கொண்டார். அதன் பிறகு கைவைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவருடைய மாறுகண்ணைக் கேலி செய்து பாட்டுப் பாடியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள், கூடத்துக்குள் ஆயுதம் கொண்டுவந்தான் என்று புகார் கொடுத்தார்கள். வாளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தால், மரத்தில் செய்து வெள்ளித் தகடு ஒட்டிய பொம்மை வாள். தோபா பாராட்டினாராம். இவர் மகன் கியோமோரி 1167-ல் அரசவையின் உச்சப் பதவியான முதன்மை அமைச்சராகவே ஆகிவிட்டார் என்பது தனிக்கதை.

வெளியே தெருவில் உடையும் முடியும் சொல்லிவிடும். எபோஷி என்ற கறுப்புத் தொப்பி வளர்ந்த ஆணின் அடையாளம். பிரபு முதல் சாமானியர் வரை அணிந்தார்கள். பலர் முன்னிலையில் அது கழன்று விழுவது மானம் போகிற காரியம். ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அந்தத் தொப்பி கிடையாது. பிரபுக்களின் மாட்டுவண்டி ஓட்டியவர்கள் நரை தட்டிய பிறகும் சிறுவர்களைப் போலவே முடியை விட்டிருந்தார்கள். எந்த நிலைக்காரர் எந்த நிலைக்காரருக்குக் கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும், வழியில் சந்தித்தால் யார் ஒதுங்கி இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் 1285-ல் அரசவை ஒரு மரியாதை விதித்தொகுப்பே வெளியிட்டது.

பேரரசர் பெரியவரா, ஷோகன் பெரியவரா?

மரியாதையில் பேரரசர். ஷோகன் என்பது பேரரசர் நியமிக்கும் படைத்தலைவர் பதவி. யோரிட்டோமோவுக்கு அது 1192-ல் கிடைத்தது. ஆனால் ‘மேலே இருப்பவரிடம் அதிகாரம் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு ஜப்பானிய வரலாற்றைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் தடுக்கி விழுவீர்கள். 1086-க்குப் பிறகு பலமுறை பேரரசர் பதவியில் சிறுவர்கள் இருந்தார்கள்; அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ ‘ஓய்வுபெற்ற பேரரசர்’ என்ற பெயரில் பின்னாலிருந்து ஆண்டார்கள்.

கமகுராவிலும் அதே கதைதான். யோரிட்டோமோவின் வாரிசுகள் 1219-ல் முடிந்துபோனதும், உண்மையான அதிகாரம் அவருடைய மனைவி வீட்டாரான ஹோஜோ குடும்பத்திடம் வந்தது. அவர்கள் ஏன் தாங்களே ஷோகன் ஆகவில்லை? பிறப்பு போதாது. அரசவை நிலையில் நான்காவது, ஐந்தாவது என்று நின்றுகொண்டு, ‘ஷோகனின் காரியக்காரர்’ என்ற பட்டத்தோடு நாட்டை நடத்தினார்கள். ஷோகனாக உட்கார வைக்கக் கியோட்டோவிலிருந்து பெரிய இடத்துக் குழந்தை ஒன்றைக் கூட்டிவந்தார்கள். 1226-ல் ஷோகனான ஃபுஜிவாரா யோரிட்சுனே அப்படி வந்தவர்தான். 1252 முதல் பேரரசர் குடும்பத்து இளவரசர்களையே இறக்குமதி செய்தார்கள்.

இதே ஹோஜோக்கள், 1221-ல் முன்னாள் பேரரசர் கோ-தோபா தங்களுக்கு எதிராகப் படை திரட்டியபோது, அவரைத் தோற்கடித்து ஓகி தீவுக்கு நாடுகடத்தினார்கள். அவர் பக்கம் நின்றவர்களிடமிருந்து சுமார் 3,000 பண்ணைகள் பறிமுதலாயின. பேரரசரை நாடுகடத்தலாம், ஆனால் அவருடைய நாற்காலியிலும் ஷோகன் நாற்காலியிலும் தாமே உட்காரக் கூடாது! இந்த முரண் புரிந்துவிட்டால் பாதி ஜப்பான் புரிந்த மாதிரி.

நூறாண்டு கழித்து நிலைமை இன்னும் மோசம். 1342-ல் மினோ மாகாணத்தின் படைத்தலைவர் தோகி யோரிட்டோ போதையில் வந்துகொண்டிருந்தார். எதிரே முன்னாள் பேரரசர் கோகோனின் வண்டி. இறங்கச் சொன்னதும், ‘முன்னாள் பேரரசரா? நாயா? நாய் என்றால் அம்பு விட்டுப் பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டே வண்டி மேல் அம்பெய்தார் (ஜப்பானிய மொழியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி). போர்வீரர் அரசே அவர் தலையை எடுத்தது. பேரரசரை மதிக்காதவர்களுக்கும் அந்தப் பதவியின் மரியாதை தேவைப்பட்டது.

பணம்? அது வேறு விஷயம். 1500-ல் பேரரசர் கோ-ட்சுசிமிகாதோ இறந்தபோது ஈமச்சடங்குக்குக் காசில்லாமல் நாற்பது நாளுக்கு மேல் உடல் காத்திருந்தது. அடுத்து வந்தவர் முறைப்படி முடிசூட்டு விழா நடத்த 1521 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

சாமுராய் என்றால் எல்லாப் போர்வீரர்களும்தானே?

இல்லை, போர்வீரர்களுக்குள்ளேயே பல தட்டுகள். ஷோகனோடு நேரடிப் பிணைப்புள்ளவர் ‘கோகெனின்’. அவர் தலைமையில் தம்பிகள், கிளைக் குடும்பங்கள். அதற்குக் கீழே அவருடைய ஆட்கள். அதற்கும் கீழே குதிரை பிடிக்கிறவர், சாமான் சுமக்கிறவர். எல்லோரும் போருக்குப் போனார்கள். எல்லோரும் சாமுராய் அல்லர்.

சட்டம் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டது. 1232-ல் ஹோஜோ யாசுதோகி கொண்டுவந்த 51 விதிகளில் ஒன்று பொய்ப்பத்திரம் தயாரிப்பதைப் பற்றியது. குற்றவாளி சாமுராய் என்றால் நிலம் பறிமுதல், நிலமில்லாவிட்டால் நாடுகடத்தல். சாமானியன் என்றால் முகத்தில் சூட்டுக்கோல். ஒரே குற்றம்தான்.

ஷோகனுக்கும் கோகெனினுக்கும் இடையே இருந்தது கொடுக்கல் வாங்கல் கணக்கு. அவர் நிலத்தை உறுதி செய்வார். இவர் போரிலும் தலைநகர்க் காவலிலும் உழைப்பார். கணக்கு சரியாக வராவிட்டால் நேரில் போய்க் கேட்டார்கள். கியூஷூவைச் சேர்ந்த தகெஸாகி சுஎநாகா 1274-ல் மங்கோலியர் வந்தபோது முன்னணியில் நின்று சண்டையிட்டவர். பரிசுப் பட்டியலில் பெயர் இல்லை. சொந்தக்காரர்கள் யாரும் உதவவில்லை. குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, 1275-ல் கமகுராவுக்கே கிளம்பிப் போனார். அதிகாரி அடாச்சி யாசுமோரி முன்னால் உட்கார்ந்து வழக்காடி, கடைசியில் ஒரு ஜிதோ பதவியையும் ஒரு குதிரையையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். அப்புறம் அதையெல்லாம் படச்சுருளாக வரையவைத்தார். அது இன்றும் இருக்கிறது. ‘எஜமானுக்காகக் கேள்வி கேட்காமல் உயிர்விடும் சாமுராய்’ என்ற பிம்பத்தில் எனக்கு நம்பிக்கை போனதற்கு இவர்தான் காரணம்.

ஜிதோ என்றால் என்ன? நிலம் உண்மையில் யாருடையது?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். விளைநிலத்தில் பெரும்பகுதி ‘ஷோயென்’ என்ற வரிச்சலுகை பெற்ற பண்ணைகளாக இருந்தது. ஒரு பண்ணைக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது. உச்சியில் பேரரசர் குடும்பமோ பெரிய மடமோ காவலராக இருக்கும். அதன் கீழ் ஒரு பிரபுவோ மடமோ உரிமையாளர். அவருக்கு ஒரு கண்காணிப்பாளர், களத்தில் ஒரு மேலாளர், அதற்கும் கீழே பெயர்பதிந்த உழவர், அவரிடம் வாரத்துக்கு உழுபவர். ஒவ்வொருவருக்கும் அதே வயலின் விளைச்சலில் ஒரு பங்கு. அந்தப் பங்கை விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், பிரிக்கலாம். மேல் கீழ் என்ற உறவு ஓடியது இந்த நெல் வழியாகத்தான். ஜிதோ என்பவர் 1185-க்குப் பிறகு ஷோகன் தம் ஆளைப் பண்ணைக்குள் செருகிய பதவி. வரி வசூலிப்பதும் ஒழுங்கு காப்பதும் அவர் வேலை; உரிமையாளரோ தலைநகரில் இருக்கும் வேறொருவர். உழவருக்கு இரண்டு எஜமானர்கள்.

இரண்டு எஜமானர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. கீ மாகாணத்து மலைப்பகுதியான அதெகாவா பண்ணையின் உழவர்கள் 1275-ல் தங்கள் உரிமையாளருக்கு 13 குற்றச்சாட்டுகளோடு மனு அனுப்பினார்கள். பெரும்பாலும் கதகனா என்ற எளிய ஒலியெழுத்தில், பேசுகிற மாதிரியே எழுதியது. அனுப்ப வேண்டிய மரம் ஏன் தாமதம் என்று விளக்குகிறார்கள்: ஜிதோ எங்களைத் தலைநகர்ப் பயணத்துக்கும் பக்கத்து வேலைகளுக்கும் இழுத்துக்கொண்டு போகிறார், மிச்சம் மீதி ஆட்கள் மலைக்கு மரம் வெட்டப் போனால், ஓடிப்போனவர்களின் வயலில் கோதுமை விதைக்கச் சொல்லித் திருப்பி விரட்டுகிறார், விதைக்காவிட்டால் ‘உங்கள் பெண்டு பிள்ளைகளைப் பிடித்து அடைத்து, காதை வெட்டி, மூக்கை அறுத்து, முடியை மழித்துக் கயிற்றால் கட்டுவேன்’ என்று மிரட்டுகிறார்.

கொடுமை ஒரு பக்கம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜிதோ மேல் புகார் சொல்ல அவர்களுக்கு இன்னொரு வாசல் இருந்தது, அதை எப்படித் தட்டுவது என்றும் தெரிந்திருந்தது. சேர்ந்து எழுதினார்கள், எண் போட்டு எழுதினார்கள்.

அப்படியானால் உழவர்கள் அடிமைகள் இல்லையா?

பெரும்பாலோர் இல்லை. 1232 சட்டத்தின் 42-ஆவது விதி, ஊரைவிட்டுப் போன உழவரின் மனைவி மக்களைப் பிடித்துவைப்பதையும் சொத்தைப் பறிப்பதையும் கண்டிக்கிறது. வரிபாக்கி இருந்தால் கட்டட்டும். இருப்பதும் போவதும் அவர் விருப்பம் என்கிறது. நடைமுறையில் எத்தனை ஜிதோக்கள் இதை மதித்தார்கள் என்பதற்கு அதெகாவா மனுவே பதில்.

ஆனால் அவர்களுக்குக் கீழே ‘கெனின்’ என்ற கட்டுண்ட ஆட்கள் இருந்தார்கள். இவர்களை விற்றார்கள், வாங்கினார்கள், சொத்தோடு சேர்த்து வாரிசுக்கு எழுதிவைத்தார்கள். போர்வீரர் வீட்டிலும் வசதியான உழவர் வீட்டிலும் இவர்கள் உண்டு. இரு வேறு எஜமானர்களின் ஆட்களுக்குக் குழந்தை பிறந்தால், ஆண் தந்தை பக்கத்துக்கு, பெண் தாய் பக்கத்துக்கு என்று பங்குபோடவும் அதே சட்டத்தில் விதி இருக்கிறது. 1230, 31 பஞ்சத்தில் பசி தாங்காமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஏராளம். ஆள் விற்பனை கூடாது என்பதுதான் சட்டம். அந்த ஆண்டுகளில் அரசு கண்டும் காணாமல் இருந்தது.

கிராமத்துக்குள் எல்லோரும் சமமா?

சமம் இல்லை, ஆனால் சேர்ந்து நின்றார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் தலைநகரைச் சுற்றியிருந்த ஊர்கள் தாமே விதி எழுதி, தாமே தண்டித்து, வரியையும் ஊர்மொத்தமாகக் கட்டத் தொடங்கின. ஊர்க்கோயில் குழுவில் இடம் உள்ள குடும்பங்கள்தான் ஊர்க்காரர். அதிலும் வயதில் மூத்தவர்கள் சொல்வதே எடுபடும்.

ஓமி மாகாணத்து இமாபோரி ஊரின் 1489-ஆம் ஆண்டு விதிகள் கிடைத்திருக்கின்றன. வெளியூர்க்காரருக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லாவிட்டால் ஊருக்குள் வைக்கக் கூடாது. பொதுக்காட்டில் பச்சை மரத்தில் கைவைத்தால் ஊர்க்காரர் என்ற தகுதி போய்விடும். நாய் வளர்க்கக் கூடாது. (நாய் மேல் என்ன கோபமோ!) இந்த ஊர்க்காரர்கள் உழுதார்கள், மலைவழியாகச் சரக்கு சுமந்து வியாபாரமும் செய்தார்கள், அதே சமயம் கியோட்டோவை ஒட்டிய ஹியெய் மலையின் பெரிய மடமான என்ரியாகுஜியின் ஆட்களாகவும் இருந்தார்கள். நாலடுக்கு முக்கோணத்தில் இவர்களை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

1428-ல் ஓமியின் குதிரைச் சுமைக்காரர்கள் தொடங்கிய கடன்தள்ளுபடிக் கலகம் தலைநகரையும் நாராவையும் உலுக்கியது. ஜப்பான் தோன்றிய நாள்முதல் சாமானியர் எழுந்தது இதுவே முதல்முறை என்று நாராவில் ஒரு மடத்துக் குறிப்பு பதறுகிறது. யாக்யூ என்ற இடத்தில் பாறையில் செதுக்கிய ஜிஸோ என்ற போதிசத்துவர் உருவத்தின் பக்கத்தில், அந்த ஆண்டுக்கு முந்தைய கடன் எதுவும் நான்கு ஊர்களில் இல்லை என்று ஊர்க்காரர்கள் வெட்டிவைத்த வரிகள் இன்றும் இருக்கின்றன.

பெண்களுக்கு என்ன இடம்?

கமகுரா காலப் போர்வீரர் வீடுகளில், பலர் நினைப்பதைவிட நல்ல இடம். மகளுக்கும் நிலத்தில் பங்கு உண்டு. பெண் ஜிதோக்கள் இருந்தார்கள். குழந்தையில்லாத பெண் தத்தெடுத்து நிலத்தை எழுதிவைக்கலாம். கணவன் தந்த நிலத்தை, மனைவியிடம் குற்றம் இல்லாமல் தள்ளிவைத்தால், அவன் திரும்பக் கேட்க முடியாது. யோரிட்டோமோவின் மனைவி ஹோஜோ மசாகோ, கணவன் இறந்து துறவு பூண்ட பிறகு கமகுராவின் நடுநாயகமாக இருந்தார். 1218-ல் அரசவை அவருக்கு இரண்டாம் நிலை கொடுத்தது, ஆட்சி நடத்திய அவர் தம்பிக்குக் கிடைக்காத உயரம். வழக்காடுவதற்காக 1279-ல் கியோட்டோவிலிருந்து கமகுராவுக்குப் பயணம் போனவர் துறவி அபுட்சு. மகனுக்குச் சேர வேண்டிய பண்ணையை மூத்தாள் மகன் வைத்துக்கொண்டதுதான் வழக்கு. தீர்ப்பு சாதகமாக வந்தது, ஆனால் அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார்.

தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரித்ததில் நிலம் துண்டு துண்டாகிக் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 1297-ல் கோகெனின்கள் விற்ற நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி அரசே ஆணை போட வேண்டிய நிலை. சிக்கனம் முதலில் மகள்களிடமிருந்துதான் தொடங்கியது: ‘உயிரோடு இருக்கும்வரை அனுபவி, பிறகு அண்ணன் வீட்டுக்கு’ என்றார்கள். பிறகு அதுவும் நின்று, ஒரே மகனுக்கு எல்லாம் என்றானது.

துறவிகள் இந்தப் படிநிலைக்கு வெளியே இருந்தவர்கள்தானே?

கொள்கையில்தான். பெரிய மடங்களின் தலைமை பேரரசர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உயர்குடிப் பிள்ளைகளுக்கும். சாத்திரம் படிப்பவர்கள் அடுத்த தட்டு. விளக்கேற்றி, கணக்குப் பார்த்து, தடியெடுத்தவர்கள் கீழ்த்தட்டு. என்ரியாகுஜி துறவிகள் கோபம் வந்தால் தெய்வப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு இறங்கிவிடுவார்கள்; அதன் மேல் அம்பு விட யாருக்குத் துணிச்சல்? காமோ ஆற்று வெள்ளம், பகடைக்காய், மலைத் துறவிகள் ஆகிய மூன்றும் தம் சொல்லுக்கு அடங்காதவை என்று முன்னாள் பேரரசர் ஷிராகாவா நொந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

வணிகர்கள் உண்மையிலேயே கடைசித் தட்டா?

யாருடைய ஆள் என்பதைப் பொறுத்தது. கியோட்டோவுக்கு அருகிலிருந்த ஓயமஸாகியின் எண்ணெய் வியாபாரிகள் இவாஷிமிசு ஹாச்சிமான் ஆலயத்துக்கு விளக்கேற்ற எண்ணெய் செலுத்தும் தெய்வப் பணியாளர்கள். அந்த அடையாளத்தைக் காட்டினால் சுங்கச்சாவடியில் காசு கிடையாது. பல மாகாணங்களில் எண்ணெய் வித்தை வாங்கும் தனியுரிமையும் அவர்களுக்கே. அரண்மனைக்குப் பொருள் தருபவர் என்ற பட்டத்தோடு இரும்பு வார்ப்பவர்கள் நாடெங்கும் தடையில்லாமல் திரிந்தார்கள். கியோட்டோவில் வட்டிக்கடையும் மதுக்கடையும் வைத்தவர்களில் பலர் என்ரியாகுஜியின் நிழலில் இருந்தவர்கள். 1393-ல் அவர்கள் மேல் வரி போட்ட பிறகு, முரோமாச்சி காலத்து அஷிகாகா வம்ச ஷோகன்களின் கஜானாவே அவர்களை நம்பி ஓடியது.

தீண்டாமை இருந்ததா? நம் சாதி அமைப்போடு தொடர்பு உண்டா?

ஒதுக்குதல் இருந்தது. சாவும் இரத்தமும் தீட்டு என்ற ஷிந்தோ (ஜப்பானின் பழைய தெய்வ வழிபாடு) எண்ணமும், உயிர்க்கொலை பாவம் என்ற புத்த எண்ணமும் சேர்ந்து, பிணம் அப்புறப்படுத்தியவர்கள், தோல் பதனிட்டவர்கள், தொழுநோயாளிகள், பிச்சையெடுத்தவர்கள் மேல் விழுந்தன. ‘ஹினின்’ என்றும், ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களை ‘கவாராமோனோ’ என்றும் அழைத்தார்கள். அவர்களுக்குள்ளும் தலைவர், எல்லை, பங்கு எல்லாம் உண்டு: கியோட்டோவின் கியோமிசு சரிவிலும் நாரா சரிவிலும் இருந்த குழுக்கள் 1244-ல் தங்களுக்குள் பெரிய வழக்கே நடத்தின. கியோன் ஆலயத்தின் ஆட்களாக இருந்தவர்கள் வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு திருவிழா ஊர்வலத்தின் முன்னால் நடந்தார்கள். அசுத்தத்தை அகற்றுபவர் என்பதால் ஒதுக்கினார்கள். அதே காரணத்தால் அவர்கள் இல்லாமல் விழாவும் நடக்காது.

இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு, பெருமைப்பட ஏதுமில்லாத தொடர்பு. ‘சண்டாளன்’ என்ற சொல் புத்த நூல்களோடு சீனா வழியாகப் போய், ஜப்பானில் ‘செந்தரா’ என்று வழங்கியது. பிறப்பு, தொழில், தீட்டு மூன்றையும் முடிச்சுப்போட அது வசதியாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டுத் துறவி நிச்சிரென், நாடுகடத்தப்பட்டபோது எழுதிய கடிதம் ஒன்றில் ‘நான் கடலோரத்துச் செந்தராவின் பிள்ளை’ என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் இடைக்காலத்தில் இந்த நிலை நாடுதழுவிய சட்டமாக இறுகவில்லை. அது எடோ காலத்தில் நடந்தது. 1871-ல் சட்டப்படி ஒழித்த பிறகும் அதன் எச்சம் போகவில்லை.

ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவுக்குப் பிடித்த தோட்டக்கலைஞர் ஸென்னாமி ஒரு கவாராமோனோ. அவர் நோயில் விழுந்தபோது ஷோகனே மருந்து அனுப்பினார். 1482-ல், 97 வயதில் இறந்தார். அவருடைய பேரன் மதஷிரோவும் தோட்டக்கலைஞர். 1489-ல் அவர் பேசியதை ஒரு ஸென் துறவி நாட்குறிப்பில் எழுதிவைத்தார்: கொலைத்தொழில் வீட்டில் பிறந்ததற்கு வருந்துகிறேன், அதனால் உயிரைக் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன். இன்று உலகமே போய்ப் படமெடுக்கும் கியோட்டோ தோட்டக்கலையில் இவர்களுடைய கை இருக்கிறது. ரியோவான்ஜி கோயிலின் கற்தோட்டத்தில் ஒரு கல்லின் பின்புறம் ‘கொதாரோ’ என்ற பெயர் செதுக்கியிருக்கிறது. அவரும் இப்படிப்பட்ட ஒருவராக இருக்கலாம் என்ற ஊகம் உண்டு.

நாடகக்காரர்களுக்கும் இதே இரட்டை வாழ்வு. 1378-ல் கியோன் விழாவில் ஷோகன் யோஷிமிட்சு, சிறுவன் ஸெஅமியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார். பார்த்த பிரபு ஒருவர், பிச்சைக்காரத் தொழில் செய்பவனுக்கு இந்த இடமா என்று நாட்குறிப்பில் குமுறினார். அந்தச் சிறுவன்தான் பிறகு ‘நோ’ என்ற நாடக வடிவத்துக்கு இலக்கணம் எழுதியவர்.

கீழே இருந்தவர் மேலே வர முடிந்ததா?

முடிந்தது, காலம் போகப்போக அதிகமாக. 1330-களில் பேரரசர் கோ-தைகோ ஆட்சியைக் கையில் எடுத்தபோது கியோட்டோ நிஜோ ஆற்றங்கரையில் யாரோ எழுதி வைத்த நையாண்டிப் பாட்டு, பழக்கமில்லாத கிரீடமும் பட்டும் மாட்டிக்கொண்டு அரண்மனைக்குள் உலவும் திடீர்ப் பெரியவர்களைக் கிண்டலடிக்கிறது. 1467-ல் ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு துணைத்தலைவர் தலைவரைக் கவிழ்ப்பது வாடிக்கையானது. 1485-ல் தெற்கு யமாஷிரோவின் சிறு போர்வீரர்கள் உழவர்களின் ஆதரவோடு பெரிய படைகளை வெளியேற்றிவிட்டு எட்டு ஆண்டுகள் தாமே ஆண்டார்கள். இப்படிச் சேர்ந்தவர்கள் சிலசமயம் குடைக்கம்பிகள் மாதிரி வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். யார் பெயர் முதலில் என்ற கேள்வியே எழாது.

ஆனால் மேலே ஏறியவர்கள் ஏணியை மறுக்கவில்லை. பெரும்பாலும் பட்டமும் வம்சாவளியும் தேடி அரசவையிடம்தான் போனார்கள். ஹிதெயோஷியைப் பாருங்கள்: ஓவாரியில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, ஓடா நொபுநாகா என்ற பெரும் படைத்தலைவரின் கீழ்மட்ட ஆளாகத் தொடங்கியவர். 1585-ல் ‘கன்பாகு’ என்ற உயர்ந்த அரசவைப் பதவி வேண்டும் என்றார். அது ஃபுஜிவாரா வம்சத்தின் ஐந்து வீடுகளுக்கு மட்டுமே உரியது. கோனோயே வீட்டு சகிஹிசாவுக்குத் தத்துப்பிள்ளையாகிப் பதவியை வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது; வளர்ப்புத் தந்தையோ ஏறக்குறைய அதே வயதுக்காரர்.

பிறகு எப்போது இந்தக் கதவுகள் மூடின?

அதே ஹிதெயோஷியின் கையால். அவர் நடத்திய நில அளவையில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு உழவர் பெயர் பதிவானது. நடுவில் இருந்த பங்குத் தட்டுகள் அத்தனையும் போய், ஷோயென் அமைப்பே முடிந்தது. 1588-ல் உழவர்களிடமிருந்து வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிக்க ஆணையிட்டார். கியோட்டோவில் எழும்பும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியும் பட்டையும் செய்யத்தான் இந்த இரும்பு, அதனால் உழவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. 1591 ஆணை இன்னும் நேரடியானது. போர்வீரரிடம் வேலை பார்த்தவர் ஊருக்கோ நகருக்கோ வந்து உழவராகவோ நகரவாசியாகவோ மாறக் கூடாது. உழவர் வயலை விட்டுவிட்டு வியாபாரத்துக்கோ கூலிக்கோ போகக் கூடாது. அப்படி மாறியவரை யாராவது மறைத்துவைத்தால், தண்டனை அவர்களோடு நிற்காமல் ஊர் முழுவதற்கும் உண்டு.